‘குளம்’ என்று தேடினால் ‘குளத்தில்’ வரவேண்டும்: திறமூலத் திட்டத் தளத்துக்குத் தேடற்பொறி தெரிவு

தேடற்பொறி தெரிவு என்றதும் பலர் முதலில் பார்ப்பது வேகத்தை. தமிழ்த் தளத்துக்கு அது கடைசிக் கேள்வி. ‘குளம்’ என்று அடிப்பவருக்கு ‘குளத்தில்’, ‘குளத்துக்கு’, ‘குளங்கள்’ என்று எழுதிய பக்கங்களும் வருகின்றனவா என்பதுதான் முதற்கேள்வி. ஆங்கிலத்தில் சோதித்துச் சரியென்று ஏற்றிய பொறி தமிழில் ஒன்றுமே தராமல் நிற்கும். பிழைச் செய்திகூடக் காட்டாது.

வன்னிக் குளங்கள், வாய்க்கால்கள், விதைப்புக் காலங்கள் பற்றிய ஒரு திறமூலத் தரவுத் திட்டம் என்று வைத்துக்கொள்வோம். பொறியை நிறுவுமுன் இருபது சொற்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எந்தப் பக்கம் வரவேண்டும் என்று எதிரே குறியுங்கள். வேற்றுமை ஏறிய சொற்கள் பாதி இருக்கட்டும். மீதியில் பூநகரி, பூனகரி போல இரண்டு விதமாக எழுதப்படும் ஊர்ப்பெயர்கள் வேண்டும். ‘முத்தையன்கட்டுக்குளம்’ என்று சேர்த்தும் ‘முத்தையன்கட்டு குளம்’ என்று பிரித்தும் எழுதுவார்கள், இரண்டையும் போடுங்கள். காலபோகம் என்று இங்கே சொல்வதைப் பெரும்போகம் என்று தேடுபவரும் உண்டு. இந்தப் பட்டியல் இல்லாமல் பொறிகளை ஒப்பிடுவது வீண் வேலை.

ஹியூகோ, எம்கேடாக்ஸ் போன்றவற்றால் கட்டிய நிலையான தளம் (முன்கூட்டியே ஆக்கிவைத்த பக்கங்களை அப்படியே தருவது) என்றால் முதலில் பேஜ்ஃபைண்ட் என்ற பொறியைச் சோதியுங்கள். தேடலுக்கெனத் தனிச் சேர்வர் தேவையில்லை. சுட்டியை, அதாவது எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்ற பட்டியலை, துண்டு துண்டாக வைத்து, தேடும் சொல்லுக்கு வேண்டிய துண்டை மட்டும் இறக்கும். 10,000 பக்கத் தளத்திலும் ஒரு தேடலுக்கு 300 கிலோபைட்டுக்குள் முடியும் என்கிறார்கள் அதை உருவாக்கியவர்கள். ஒட்டுசுட்டானிலோ துணுக்காயிலோ கைத்தொலைபேசி டேட்டாவில் திறப்பவருக்கு இது பெரிய விடயம். தளத்தைக் கட்டிய பிறகே, வெளியீட்டுக் கோப்புறையைக் காட்டி அதை ஓட்டவேண்டும். ஒவ்வொரு முறையும் ஓட்ட மறந்தால் பழைய பக்கங்களே தேடலில் வரும்.

பேஜ்ஃபைண்டில் அடிக்கடி தவறுவது மொழிக் குறி. பக்கத்தின் எச்டிஎம்எல் குறிச்சொல்லில் உள்ள மொழிக் குறியீட்டைப் பார்த்துத்தான் அது தமிழ், சிங்களம், ஆங்கிலத்துக்குத் தனித்தனிச் சுட்டி கட்டுகிறது. இரவல் வார்ப்புருக்களில் பெரும்பாலும் ஆங்கிலம் என்றே இருக்கும். அப்படியே விட்டால் தமிழ்ச் சொல்லுக்கு ஆங்கில விதி பொருந்தும். இன்னொன்று: தளத்தைப் பென் டிரைவில் போட்டுக் கோப்பாகத் திறந்தால் தேடல் இயங்காது. இணையமில்லாத பாடசாலைக் கணினி அறையில் வைப்பதானால் ஒரு கணினியில் சிறு வெப் சேர்வர் ஓடவேண்டும்.

உலாவிக்குள்ளேயே தேடும் இன்னொரு பொறியான லுனர் பழையது, எளியது. ஆனால் முழுச் சுட்டியையும் உலாவிக்கு இறக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று அதற்குள் இருக்கிறது. சொல்லின் இரு முனைகளிலும் உள்ள குறிகளைக் கத்தரிக்கும் அதன் இயல்பான பகுதி, ஆங்கில எழுத்தும் எண்ணும் அல்லாத எதையும் குறியாகவே எடுக்கிறது. தமிழ்ச் சொல் முழுவதும் வெட்டுப்பட்டு வெறுமையாகிவிடும். தமிழ் மொழிப் பொதியைச் சேர்த்தால் சொற்கள் நிலைக்கும். வேற்றுமை உருபைக் கழற்றும் வேலையை அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

தரவு தினமும் மாறும் தளமென்றால் கையிலிருக்கும் தரவுத்தளமே போதுமா என்று பாருங்கள். போஸ்ட்கிரெஸ் 2019இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து தமிழுக்கான வேர்ச்சொல் விதியோடு (உருபைக் கழற்றி அடிச்சொல்லைக் காணும் விதி) வருகிறது. தேடல் அமைப்பில் மொழியைத் தமிழ் என்று குறிப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

எஸ்கியூலைட் தரவுத்தளத்தின் தேடல் பகுதியான எஃப்டிஎஸ்5 அப்படி இல்லை. இயல்பு அமைப்பில் அது உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் சொல் பிரிப்பானாக எடுக்கும். ‘குளம்’ என்பது ‘க’, ‘ளம’ என இரண்டாகும். கூளமும் கோளமும் அதே இரண்டாக உடைவதால், குளத்தைத் தேடியவருக்கு வைக்கோல் கூளமும் வரும். சொற்பிரிப்பியின் கேட்டகரீஸ் அமைப்பில் எம்என், எம்சி என்ற இரு யுனிகோடு வகைகளையும் சேர்த்து, அட்டவணையை மீண்டும் கட்டினால் தீரும்.

எழுத்துப்பிழை பொறுக்கவும் ஒருபொருட் சொற்களை இணைக்கவும் வேண்டுமென்றால், சேர்வரில் ஓடும் பொறியான மெய்லிசர்ச். இயல்பில் 5 எழுத்திலிருந்து ஒரு பிழையும் 9இலிருந்து இரண்டும் பொறுக்கும். காலபோகம், பெரும்போகம் சோடியை அதன் ஒருபொருட் சொல் அமைப்பில் போடுங்கள். அதன் மாஸ்டர் சாவியை (எல்லா அதிகாரமும் தரும் கடவுக்குறி) பக்கத்துக்குள் எழுதவே கூடாது. திறமூலத் தளத்தின் நிரலை எவரும் வாசிக்கலாம், அந்தச் சாவியால் முழுச் சுட்டியையும் அழிக்கலாம். தேடலுக்கு மட்டுமான சாவியைத் தனியே எடுங்கள். இதுபோன்ற இன்னொரு பொறியான டைப்சென்ஸ் சுட்டியை நினைவகத்தில் வைப்பதால் சிறு வாடகைச் சேர்வரில் இடம் பற்றாது போகலாம். எலாஸ்டிக்சர்ச் சிறு தளத்துக்கு மிகை. அதன் உரிமம் 2021இல் மாறியதும், அதனால் ஓப்பன்சர்ச் பிரிந்ததும், 2024இல் ஏஜிபிஎல் என்ற திறமூல உரிமம் சேர்க்கப்பட்டதும் உரிமத்தைப் படித்துவிட்டே தெரிவு செய்யவேண்டும் என்பதற்குப் போதிய காரணம். அல்கோலியாவின் டாக்சர்ச் ஆவணத் தளங்களுக்கு இலவசம், ஆனால் பொறி மூடியது. திறமூலத் திட்டம் அதில் தங்கியிருப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

எந்தப் பொறியானாலும் உள்ளே போகும் எழுத்து சரியாக இருக்கவேண்டும். ‘கொ’வை இரண்டு குறியீடாகவும் மூன்றாகவும் எழுதலாம், கண்ணுக்கு ஒன்று, பொறிக்கு வேறு. சுட்டி கட்டும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யுனிகோடு வடிவுக்கு மாற்றுங்கள். ‘ஸ்ரீ’ அதிலும் ஒன்றாகாது. தனி மாற்றுவிதி எழுதவேண்டும். இங்கே பழைய சுற்றறிக்கைகளும் பிடிஎஃப்களும் யுனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் கிடக்கின்றன. அவற்றில் ‘அம்மா’ என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள்தான். யுனிகோடுக்கு மாற்றாமல் சுட்டியில் ஏற்றினால் எவருக்கும் அகப்படாது. ஸ்கான் படமென்றால் படத்திலுள்ள எழுத்தை வாசிக்கும் டெசராக்டின் தமிழ்த் தரவோடு எழுத்தாக்கி, ஊர்ப்பெயர்களையாவது கண்ணால் சரிபார்த்த பின் ஏற்றுங்கள்.

இருபது சொற் சோதனையைத் தளம் கட்டும் கட்டளைகளோடு சேர்த்துவிடுங்கள். ஒரு சொல் தவறினாலும் வெளியீடு நிற்கட்டும். விடையின்றிப் போன தேடல்களை மாதமொருமுறை பார்த்து, அந்தச் சொற்களையும் பட்டியலில் ஏற்றுங்கள்.