நீரிலிருந்து பாறைக்குள் இறங்கும் அதிர்வலை: எதிரொலிப்பைக் கணக்கிடும் முறை

செட்டிநாட்டு ஊரணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். தரையில் களியும் செம்புறாங்கல்லும் இருந்தாலும், கணக்குக்காக நீருக்கு நேர் கீழே சமதளமான கருங்கற்பாறை இருப்பதாகவும், நீர்வழியே இறங்கும் நெட்டலை (துகள்கள் அலை செல்லும் திசையிலேயே அசையும் அலை) ஒன்று அதில் மோதுவதாகவும் கொள்வோம்.

முதலில் எல்லை நிபந்தனைகளை, அதாவது இரு ஊடகங்களும் தொடும் பரப்பில் நிறைவேற வேண்டிய சமன்பாடுகளை, எழுத வேண்டும். பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். இரு திண்மங்கள் ஒட்டியிருந்தால் நிபந்தனைகள் நான்கு. பாகுநிலை இல்லாத நீரோ பாறையின் மேல் வழுக்கக்கூடியது. ஆதலால் கிடைமட்ட இடப்பெயர்ச்சி இருபுறமும் சமமாக இருக்கத் தேவையில்லை. எஞ்சுபவை மூன்று: செங்குத்து இடப்பெயர்ச்சி இருபுறமும் ஒன்றே, பாறையின் செங்குத்துத் தகைவு (ஓரலகுப் பரப்பின் மீதான விசை) நீரின் அழுத்தத்துக்கு அளவில் சமம், குறியில் எதிர், பாறைப்பரப்பில் சறுக்குத் தகைவு (பரப்பை ஒட்டிய திசையில் இழுக்கும் தகைவு) சுழி. தெரியாத அலைகளும் மூன்றே: நீரில் திரும்பும் நெட்டலை, பாறையில் இறங்கும் நெட்டலை, அதனுடன் இறங்கும் குறுக்கலை (துகள்கள் அலை செல்லும் திசைக்குக் குறுக்கே அசையும் அலை). திண்மங்களுக்கான நான்கு சமன்பாடுகளையே வைத்துக்கொண்டு நீரின் குறுக்கலை வேகத்துக்குச் சுழி போடுவதைத் தவிர்க்கவும்; கணினி சுழியால் வகுக்கப் போய்த் திணறும்.

அடர்த்தியையும் வேகத்தையும் பெருக்கி வருவதை மறுப்பு என்போம். நீருக்கு 1000 × 1500, அதாவது 15 லட்சம். பாறைக்கு 2700 × 5500, அதாவது 148.5 லட்சம் (எல்லாம் கிலோகிராம், மீட்டர், நொடி அளவில்). அலை செங்குத்தாக விழும்போது மறுப்புகளின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் அழுத்தத்தின் எதிரொலிப்புக் கெழு, அதாவது திரும்பும் அலையின் அழுத்தத்துக்கும் விழும் அலையின் அழுத்தத்துக்கும் உள்ள விகிதம், 0.82 எனக் கிடைக்கும். அதன் வர்க்கம் 0.67, ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிடுகிறது. பூமிக்குள் சுமார் 2,890 கிலோமீட்டர் ஆழத்தில், திண்மமான மூடகம் திரவப் புறக்கருவைத் தொடும் எல்லையில், வேகம் சரிந்தாலும் அடர்த்தி ஏறிவிடுவதால் மறுப்புகள் ஏறக்குறைய சமமாகி, செங்குத்தாக வரும் நெட்டலை மிகச் சிறிதே எதிரொலிக்கும் என்பதையும் இதே வகுத்தல் காட்டும்.

சாய்வாக விழுந்தால், ஸ்நெல் விதிப்படி நீரின் நெட்டலை, பாறையின் நெட்டலை, குறுக்கலை ஆகிய மூன்றுக்கும், செங்குத்துக் கோட்டிலிருந்து அளக்கும் கோணத்தின் சைனை வேகத்தால் வகுத்த ஈவு ஒன்றே. அதிலிருந்து கோணங்களைக் கண்டு, ஒவ்வொரு மறுப்பையும் தத்தம் கோணத்தின் கொசைனால் வகுக்கவும். பிறகு பாறையின் நெட்டலை மறுப்பை, குறுக்கலைக் கோணத்தின் இருமடங்கினது கொசைன் வர்க்கத்தாலும், குறுக்கலை மறுப்பை அதே இருமடங்கின் சைன் வர்க்கத்தாலும் பெருக்கிக் கூட்டினால் பாறையின் மொத்த மறுப்பு வரும். மூன்று நிபந்தனைகளையும் தீர்த்துச் சுருக்கினால் கிடைப்பது இதுவே. இதையும் கொசைனால் வகுத்த நீரின் மறுப்பையும் முன்போலவே வித்தியாசம், கூட்டுத்தொகை என வகுத்தால் கெழு வரும். குறுக்கலை வேகம் 3200 எனக் கொண்டு 10° படுகோணத்துக்கு (அலை விழும் கோணம்) போட்டால், கூட்டப்படும் இரண்டு உறுப்புகளும் முறையே 101.4, 44.1 லட்சம், கெழு 0.81. கெழு அசையவே இல்லை எனலாம். ஆனால் உள்ளே போகும் ஆற்றல் இவ்வுறுப்புகளின் விகிதத்தில் பிரிவதால், அதில் சுமார் 30 விழுக்காடு, நீரில் இருக்கவே முடியாத குறுக்கலையாக மாறியிருக்கும்.

படுகோணம் 15.8°-ஐத் தாண்டினால் நெட்டலையின் கொசைனும், 28°-ஐத் தாண்டினால் குறுக்கலையின் கொசைனும் கற்பனை எண்களாகின்றன. சூத்திரம் மாறாது, ஆழம் கூடக் கூட அலை தேயும்படியான வர்க்கமூலக் குறியை மட்டும் தேர்ந்தெடுக்கவும். 28°-க்கு மேல் கெழுவின் மட்டு மதிப்பு சரியாக 1 வர வேண்டும். வராவிட்டால் குறியைத்தான் முதலில் சரிபார்க்கவும்.