கஞ்சித் தொட்டி மருத்துவமனையின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி?

சத்தியவேடு, நகரி, ஊத்துக்கோட்டைப் பக்கத்து முதியவர்களிடம் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையைப் பற்றிக் கேட்டால், "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரியா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். அந்தப் பெயரிலிருந்தே தொடங்குங்கள். எந்த ஆவணக் கோப்பையும்விட அது நெடுநாள் நினைவைச் சுமந்து நிற்கிறது.

ஹைதர் அலியுடன் நடந்த போரையொட்டி வந்த பஞ்சத்தில், 1782இல் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய சத்திரமே இதன் வேர். அதன் பெயர் மணியக்காரர் சத்திரம். ஊர்த் தலைவரைக் குறிக்கும் மணியக்காரர் என்ற சொல் ஆங்கிலேயர் நாவில் மோனிகர் என்று திரிந்ததால், ஆவணங்களில் இரு பெயர்களையும் தேட வேண்டும். 1799இல் மருத்துவப் பணி சேர்ந்ததையும், 1938இல் மருத்துவக் கல்லூரி உருவானதையும் தனித்தனித் தாள்களில் குறியுங்கள்.

பிறகு எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குச் செல்லுங்கள். ஒவ்வொரு குறிப்பின் தலைப்பிலும் ஆண்டு, துறை, ஆணை எண் மூன்றையும் பென்சிலால் எழுதிவிடுங்கள். பின்னர் எழுதலாம் என்று விட்டால் குறிப்பே பயனற்றுப் போகும்.

பலர் தவறுவது ஓரிடத்தில்தான். இங்கிலாந்தில் 1834ஆம் ஆண்டு ஏழையர் சட்டத்தின்கீழ், உழைப்புக்கு ஈடாக உணவளித்த ஏழையர் விடுதிகள் பல, 1930க்குப் பின் நகராட்சி மருத்துவமனைகளாயின. நம் சத்திரத்தை அவற்றோடு ஒன்றாக்கி எழுதாதீர்கள். மருத்துவமனை வளர்ந்த பின்னும் சத்திரம் மறையவில்லை. ஆதரவற்ற முதியோரைக் காக்கும் இல்லமாக அது தொடர்ந்தது. அந்தக் கிளைக்கும் தனி அத்தியாயம் ஒதுக்குங்கள்.