டாய்லெட் கிளீனரும் பிளீச்சிங் பவுடரும் ஒண்ணா சேரவே கூடாது

டாய்லெட் கிளீனர் ஊத்தி தேச்சாச்சு, வெள்ளையா படிஞ்ச கறை முழுசா போகல, சரி மேல கொஞ்சம் பிளீச்சிங் பவுடரையும் தூவுவோம், ரெண்டும் சேந்தா இன்னும் பளிச்சுன்னு ஆகும்னு நினைக்கிறவங்க நிறைய பேரு. தயவுசெஞ்சு இத மட்டும் பண்ணாதீங்க.

நம்ம ஊர்ல விக்கிற நீலக்கலர் டாய்லெட் கிளீனர்ல பெரும்பாலும் இருக்கறது ஹைட்ரோகுளோரிக் ஆசிட், சுமார் 10 சதவீதம். பிளீச்சிங் பவுடர்ல இருக்கறது ஹைப்போகுளோரைட். ரெண்டும் கலந்தா குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப்போர்ல, 1915 ஏப்ரல்ல பெல்ஜியத்துல ஜெர்மன் படை சிலிண்டர் சிலிண்டரா தொறந்து விட்டது இதே வாயுவத்தான். இது காத்த விட கிட்டத்தட்ட ரெண்டரை மடங்கு கனம், அதனால தரையோடவே தேங்கும். நம்ம பாத்ரூம்ல வென்டிலேட்டர் இருக்கறது உச்சியில, நாம உக்காந்து தேய்க்கிறது கீழ, அப்ப மூச்சுல போறது எதுன்னு யோசிச்சுக்கோங்க. தப்பித்தவறி கலந்து நெடி ஏறிருச்சுன்னா தண்ணி ஊத்தி சமாளிக்கலாம்னு அங்கயே நிக்காம மொதல்ல வெளிய வந்து நல்ல காத்து வர்ற இடத்துக்கு போயிருங்க. இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தா டாக்டர்ட்ட போங்க, சில பேருக்கு சில மணி நேரம் கழிச்சுத்தான் தெரியவே ஆரம்பிக்கும்.

இதுல வேடிக்கை என்னன்னா அந்த வெள்ளையா படிஞ்ச கறைக்கு பிளீச்சிங் பவுடர் எந்த வேலையும் செய்யாது. அது கிருமியக் கொல்லும், நிறத்த வெளுக்கும், அவ்ளோதான். பக்கெட்லயும் பைப்லயும் படியுற உப்புக்கறைன்னு நாம சொல்றது சாப்பாட்டு உப்பு இல்ல, பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல்லுதான். போர் தண்ணியில கரைஞ்சு வர்றது தண்ணி காஞ்சதும் கல்லா நின்னுருது. ஹீட்டர் ராட்ல மாவு மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கே, அதுவும் இதே சமாச்சாரம். கல்லக் கரைக்க ஆசிட்தான் வேணும், பைப்புக்கெல்லாம் வினிகர்லயோ எலுமிச்ச சாறுலயோ துணிய நனைச்சு சுத்தி ஒரு அரைமணி நேரம் விட்டாலே போதும்.

உடனே வீடியோல பாத்துட்டு வினிகரோட ஆப்ப சோடாவ கலக்காதீங்க. ஆபத்து ஒண்ணும் இல்ல, வீண். நுரையா பொங்கி வர்றது வெறும் கார்பன் டை ஆக்சைடு, ஆசிட்டும் சோடாவும் ஒண்ண ஒண்ணு காலி பண்ணிட்டு கடைசியில மிஞ்சுறது லேசான உப்புத்தண்ணி மாதிரி ஒண்ணு. பிசுபிசுப்புக்கு சோடாவ தனியா போட்டு தேயுங்க, கறைக்கு வினிகர தனியா ஊத்துங்க.

வினிகர் மெதுவா வேலை செய்யுதுன்னு ஹார்டுவேர் கடை ஆசிட்ட அப்படியே தரையில ஊத்துறதும் தப்பு. கறைய திங்கிற அதே ஆசிட் டைல்ஸ் இடுக்குல இருக்கற சிமெண்டயும் திங்கும், அதுலயும் சுண்ணாம்புதானே இருக்கு. அப்புறம் இடுக்கு வழியா தண்ணி இறங்கி கீழ் வீட்டு சீலிங்ல ஒழுகும், சண்டை வேற. மார்பிள் தரைன்னா எலுமிச்சகூட வேண்டாம், பளபளப்பே போயிரும். அந்த ஆசிட்ட மிச்சம் வைக்கிறப்போ தண்ணி பாட்டில்ல ஊத்தி வைக்காதீங்க, வாங்குன பாட்டில்லயே மூடி குழந்தைங்க கைக்கு எட்டாத இடத்துல வைங்க.