ட்ரோம்பெக் கல்வட்டத்தில் சூரிய அஸ்தமனம் பார்ப்பது எப்படி?

அயர்லாந்தின் கார்க் கவுண்டியில், கிளாண்டோர் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது ட்ரோம்பெக், கற்களை வட்டமாக நட்டு வைத்த பழங்கால இடம். வருடத்தின் மிகக் குறுகிய பகல் வரும் டிசம்பர் 21 வாக்கில், மாலை 4 மணிக்கு முன்பே போய்விடுங்கள், அங்கே குளிர்காலத்தில் சீக்கிரமே இருட்டிவிடும். உயரமான இரண்டு கற்கள்தான் வாசல். அவற்றுக்கு நடுவே நின்று எதிரே படுத்திருக்கும் கல்லை நேராகப் பார்த்தால், வானம் தெளிவாக இருந்தால் (அயர்லாந்தில் அதெல்லாம் அதிர்ஷ்டம்தான்), அதற்குப் பின்னால் மலை இடுக்கில் சூரியன் இறங்கும்.

17 கற்களில் 13தான் மிச்சம். இதை ட்ரூயிட் எனப்படும் பழங்கால கெல்ட் இனப் பூசாரிகளின் பலிபீடம் என்பார்கள், ஆனால் வட்டம் வெண்கலக் காலத்தது, ட்ரூயிட்கள் அப்புறம் வந்தவர்கள். 1957-58 அகழாய்வில் நடுவே பானையும் எரிந்த எலும்பும் கிடைத்தன.

அருகிலுள்ள கல்தொட்டியை விட்டுவிடாதீர்கள்: பழுக்கக் காய்ச்சிய கற்களைப் போட்டே தண்ணீரைக் கொதிக்கவைத்த இடம் அது.