வழிகாட்டி வரம்பைத் தாண்டிய தண்டனை: அமெரிக்க பெடரல் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்வது எப்படி?

அமெரிக்க பெடரல் (மத்திய அரசுச் சட்டப்படியான) குற்ற வழக்குகளில் தண்டனைக்கு ஓர் அட்டவணை உண்டு. குற்றத்தின் கடுமைக்கு 43 நிலைகள், பழைய குற்றப் பதிவுக்கு 6 வகைகள். நிலை 20, முதல் வகை என்றால் 33 முதல் 41 மாதச் சிறை. இதுதான் வழிகாட்டி வரம்பு. 2005-ல் உச்ச நீதிமன்றம் தந்த புக்கர் தீர்ப்புக்குப் பிறகு இந்த அட்டவணை நீதிபதிக்கு ஆலோசனை மட்டுமே. எனவே 41 மாதத்தைத் தாண்டாது என்று நம்பியிருந்த குடும்பத்தின் காதில் 60 மாதம் என்று விழலாம். அப்போது செய்ய வேண்டியவை இவை.

படி 1: 14 நாளுக்குள் அறிவிப்பு

தீர்ப்பு பதிவேட்டில் ஏறிய நாளிலிருந்து 14 நாளுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பு தாக்கலாக வேண்டும். அதுவும் தண்டித்த அதே விசாரணை நீதிமன்றத்தில். ஒரு பக்கம் போதும், காரணம் எதுவும் எழுத வேண்டாம். தவறவிட்டால், தகுந்த காரணம் காட்டி இன்னும் 30 நாள் வரை அவகாசம் கேட்கலாம். ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள்.

அறிவிப்பைத் தாக்கல் செய்யும்படி வக்கீலிடம் எழுத்திலேயே சொல்லுங்கள். கட்சிக்காரர் சொல்லியும் தாக்கல் செய்யாமல் விடுவது வக்கீலின் குறைபாடு. குற்ற ஒப்புதல் ஒப்பந்தத்தில் மேல்முறையீட்டு உரிமையை விட்டுக்கொடுத்திருந்தாலும் அப்படித்தான் என்று 2019-ல் கார்ஸா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வக்கீலுக்குப் பணம் கொடுக்க வசதியில்லாதவருக்கு நீதிமன்றமே வக்கீலை நியமிக்கும்.

படி 2: ஒப்பந்தத்தைப் படியுங்கள்

உரிமையை விட்டுக்கொடுத்த வாசகம் இருந்தால் அதன் விதிவிலக்குகளையும் பாருங்கள். வரம்பை மீறிய தண்டனைக்கு மட்டும் உரிமையை வைத்துக்கொண்ட ஒப்பந்தங்களும் உண்டு.

படி 3: காகிதங்கள்

தண்டனை விசாரணையின் சொல்லுக்குச் சொல் பதிவு, தண்டனைக்கு முந்தைய விசாரணை அறிக்கை, நீதிபதியின் எழுத்துப்பூர்வ காரண விளக்கம் ஆகிய மூன்றும் வேண்டும். முதலாவதை, அறிவிப்பு தாக்கலான 14 நாளுக்குள் வக்கீல் கேட்டு வாங்க வேண்டும்.

படி 4: பிழையைத் தேடுங்கள்

வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வரம்பை மீறியது மட்டுமே பிழை ஆகாது. 2007-ல் கால் (Gall) என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தபடி மேல் நீதிமன்றம் இரண்டு கேள்வி கேட்கும். முதலில், நடைமுறை சரியா? நீதிபதி வரம்பைத் தப்பாகக் கணக்கிட்டாரா, ஆதாரமில்லாத தகவலை நம்பினாரா, பெடரல் குற்றச் சட்டத்தின் 3553-ஆம் பிரிவு சொல்லும் அம்சங்களை (குற்றத்தின் தன்மை, குற்றவாளியின் பின்னணி போன்றவை) பார்க்காமல் விட்டாரா, வரம்பை மீறியதற்குக் குறிப்பான காரணம் சொல்லாமல் விட்டாரா? 2018-ல் வந்த ரோசாலஸ்-மிரெலஸ் வழக்கில் ஒரே பழைய தண்டனையை இரண்டு முறை எண்ணியிருந்தார்கள். விசாரணை நீதிமன்றத்தில் யாரும் ஆட்சேபிக்கவே இல்லை. அப்படியிருந்தும் உச்ச நீதிமன்றம் தண்டனை பெற்றவர் பக்கம் நின்றது. சீர்திருத்தப் பயிற்சி கிடைக்கட்டும் என்பதற்காகச் சிறைக்காலத்தை நீட்டினாலும் பிழைதான். இது 2011-ல் வந்த டாப்பியா தீர்ப்பு.

அடுத்த கேள்வி, தண்டனையின் அளவு நியாயமா என்பது. இதில் மேல் நீதிமன்றங்கள் நீதிபதியின் முடிவுக்கு நிறைய மதிப்புக் கொடுக்கின்றன. அதனால் இதை மட்டும் நம்பிப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நடைமுறைப் பிழையை முன்னால் வையுங்கள். வரம்பிலிருந்து எவ்வளவு விலகினாரோ, அதற்கேற்ப வலுவான காரணம் வேண்டும் என்ற வாதம் அப்புறம் வரட்டும். குறைந்த தண்டனை வேண்டும் என்று தண்டனை விசாரணையிலேயே கேட்டிருந்தால், இந்த வாதத்தை மேல் நீதிமன்றத்தில் எழுப்ப அதுவே போதும் என்று 2020-ல் தீர்ப்பாகியிருக்கிறது.

படி 5: எழுத்து வாதம்

இதை வக்கீல் பார்த்துக்கொள்வார். ‘மேல்முறையீடு போனால் தண்டனையைக் கூட்டிவிடுவார்களோ’ என்ற பயம் பல குடும்பங்களுக்கு உண்டு. அரசுத் தரப்பு தானும் மேல்முறையீடு செய்யாத வரை, மேல் நீதிமன்றம் தானாகக் கூட்ட முடியாது. 2008-ல் வந்த கிரீன்லா தீர்ப்பு அதை உறுதி செய்தது.

படி 6: வென்றால்

விடுதலை இல்லை, மறுபடியும் தண்டனை விசாரணை. பெரும்பாலும் அதே நீதிபதிதான். இடைப்பட்ட காலத்தில் சிறையில் திருந்தி நடந்ததையும் அவர் கணக்கில் எடுக்கலாம் (பெப்பர் தீர்ப்பு, 2011). ஆகவே படிப்பு, வேலை, பயிற்சிச் சான்றிதழ்களை முதல் நாளிலிருந்தே சேர்த்து வையுங்கள்.