புரளியைச் சோதிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

"நாசா எடுத்த தீபாவளி இரவு" என்று ஆண்டுதோறும் சுற்றிவரும் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. இந்தியா முழுக்க வெள்ளை, நீலம், பச்சை, சிவப்புப் புள்ளிகள். ஒட்டுவேலையா என்று பார்ப்பதுதான் இங்கே முதல் தவறு. படம் உண்மையான தரவில் பிறந்தது. பொய் அதன் அடியில் உள்ள வரிதான். பல ஆண்டு இரவொளியை அடுக்கிய அந்தக் கூட்டுப்படத்தில் நீலம் 1992இலும், பச்சை 1998இலும், சிவப்பு 2003இலும் புதிதாகத் தெரிந்த விளக்குகள். 2012 தீபாவளி இரவின் அசல் படத்தை நாசாவே வெளியிட்டது. பண்டிகையால் கூடிய வெளிச்சம் விண்ணிலிருந்து பார்த்தால் கண்ணில் தட்டுப்படாது என்றும் விளக்கியது.

படத்தை வைத்துத் தேட உதவும் கூகுள் லென்ஸில் தேடும்போது படத்தோடு எழுத்தையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். அதே பார்வேர்டுகள்தான் வரிசையாக வந்து நிற்கும். எழுத்தை வெட்டிவிட்டுத் தேடுங்கள். வீடியோவென்றால் மூன்று நான்கு இடங்களில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தனித்தனியாகத் தேடுங்கள்.

அடுத்தது, "டிவியிலேயே சொன்னாங்க." 2016 நவம்பரில் புதிய 2000 ரூபாய் நோட்டில் நானோ ஜிபிஎஸ் சிப் இருக்கிறது, 120 மீட்டர் ஆழத்தில் புதைத்தாலும் காட்டிக்கொடுக்கும் என்று சில செய்திச் சேனல்களே சொல்லின. யார் சொன்னார் என்பதை விடுங்கள், எப்படி வேலை செய்யும் என்று கேளுங்கள். ஜிபிஎஸ் சிப், செயற்கைக்கோள் சிக்னலை வாங்க மட்டுமே செய்யும். இருப்பிடத்தைத் திருப்பிச் சொல்ல டிரான்ஸ்மிட்டரும் மின்சாரமும் வேண்டும். நோட்டில் பேட்டரி எங்கே? மண்ணுக்கடியில் அந்த சிக்னலே எட்டாதே!

தேதியைப் பார்க்காமல் விடுவது இன்னொன்று. சுவிட்சர்லாந்தில் மரத்திலிருந்து ஸ்பகெட்டி (மாவில் செய்யும் நூடுல்ஸ் போன்ற பண்டம்) பறிப்பதாக பிபிசியின் பனோரமா என்ற செய்தி நிகழ்ச்சி காட்டியது 1957 ஏப்ரல் 1 அன்று. நம்பகமான தொகுப்பாளர் ரிச்சர்ட் டிம்பிள்பியின் குரல், பிரிட்டனில் அன்று அவ்வளவாகப் பழகாத பண்டம்; பலர் நம்பிவிட்டார்கள். கை மாறும் செய்தியில் முதலில் உதிர்வது தேதிதான்.

புரளியைப் பற்றிய கதையை அப்படியே நம்புவதும் தவறே. 1938 அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸின் செவ்வாய்க்கிரகப் படையெடுப்பு வானொலி நாடகத்தால் அமெரிக்காவே தெருவுக்கு ஓடியது என்பார்கள். அன்றிரவு 5,000 வீடுகளுக்குத் தொலைபேசியில் எடுத்த கணக்கெடுப்பில் அதைக் கேட்டவர்கள் 2 சதவீதம்தான். பீதியை ஊதியவை, விளம்பர வருமானத்தில் வானொலியோடு மல்லுக்கட்டிய பத்திரிகைகள். அந்நேரம் பெருங்கூட்டம் கேட்டது வேறொரு நிலையத்தில், பொம்மையைப் பேசவைக்கும் கலைஞரின் நகைச்சுவையை. வானொலியில் உதடு அசைந்ததா என்று யார் பார்த்தது!