பட்டாலை விட்டத்தில் விளக்கு மாட்டுவதற்கு முன்

கானாடுகாத்தானில் எங்கள் செட்டிநாட்டு வீட்டுப் பட்டாலைக்கு, அதாவது பெரிய கூடத்துக்கு, முதலில் நான் வாங்கிய விளக்கு தப்பு. கடையில் பளிச்சென்று எரிந்ததைப் பார்த்து 6500 கெல்வின் எல்இடி பேனல் எடுத்துவிட்டேன். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு; குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம் பாய்ந்த வெள்ளை. சாயங்காலம் சுவிட்சைப் போட்டதும் மனசு விட்டுப்போச்சு. பர்மாத் தேக்கு சாம்பல் பூத்தது போல, தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பு வெளிறிப்போய் நின்றது. "ஆஸ்பத்திரி மாதிரில்ல இருக்கு" என்றார்கள் ஆத்தா. மறுநாளே கழற்றினோம்.

அதனால் கடைக்குப் போகுமுன் உங்கள் வீட்டு விட்டத்தையும் தரையையும் ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். தேக்கும் சிவப்புத் தரையும் இருந்தால் 2700 அல்லது 3000 கெல்வின்தான் எடுக்கும். பெட்டியில் சிஆர்ஐ, அதாவது நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற எண், 90க்கு மேல் போட்டிருந்தால் நிறம் நிறமாகவே தெரியும். அடுப்படிக்கு மட்டும் 4000 போட்டேன். அரிசியில் கல் பொறுக்க அந்த வெளிச்சம் வேண்டும். வாட்டைப் பார்த்து வாங்காதீர்கள், வெளிச்சத்தின் அளவான லூமனைப் பாருங்கள். பழைய 60 வாட் குண்டு பல்பு தந்தது சுமார் 700 லூமன். எல்இடியில் அதற்கு 8 வாட்டே போதும்.

எங்கள் பட்டாலை உயரம் 14 அடி. விட்டத்தோடு ஒட்டிய விளக்கின் வெளிச்சம் கீழே வருவதற்குள் சோர்ந்துபோகிறது. பித்தளைக் குழாய் வைத்துத் தொங்கவிடுங்கள். ஆள் நடக்கும் இடத்தில் விளக்கின் அடி, தரையிலிருந்து 7 அடிக்குக் கீழே வரக்கூடாது. சாப்பாட்டு மேசைக்கு மேலே என்றால் மேசையிலிருந்து இரண்டரை, மூன்றடி போதும். இதற்காக யாராவது ஃபால்ஸ் சீலிங் அடிக்கச் சொன்னால் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தாத்தா காலத்துத் தேக்கை அட்டைக்குப் பின்னால் மறைக்க எனக்கு மனசு வராது. கரையான் பிடித்தாலும் வெளியே தெரியாது.

இனி ஒயரிங். இதில்தான் ரொம்பக் கவனம் வேண்டும். எலக்ட்ரீஷியன் தம்பி ஒயரை மூடியிருந்த பழைய மரப்பட்டியைத் திறந்து உள்ளிருந்த ஒயரை லேசாக வளைத்தார். நூல் சுற்றிய ரப்பர் உறை முறுக்குத் தூள் மாதிரி உதிர்ந்து கம்பி வெளியே தெரிந்தது. "ஆச்சி, இதுல புது விளக்கு மாட்ட முடியாது" என்றார். அந்த அறைக்கு முழுதாகப் புது ஒயர் இழுத்தோம். பழைய வீடுகளில் சில இடத்தில் சுவிட்சைக் கரண்ட் வரும் ஒயரில் கொடுக்காமல், திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயரில் கொடுத்திருப்பார்கள்; சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் கரண்ட் நிற்கும். மெயினை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே தொடவேண்டும். பித்தளை, இரும்பு விளக்கு எதுவானாலும் பச்சை எர்த் ஒயர் கட்டாயம். எங்கள் பழைய லஸ்தர் விளக்குக்கு, அதான் கண்ணாடிச் சரம் தொங்கும் விளக்குக்கு, அது இல்லை. துடைக்கும்போது எனக்கு விரல் சுள்ளென்றது. இப்போது எர்த்தும் கொடுத்து, கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபியும் வைத்திருக்கிறோம்.

விளக்கு மாட்டும் கொக்கியை விட்டத்துக் கட்டைகளுக்கு இடையில் உள்ள செங்கலில் அடிக்காதீர்கள், நிற்காது. தேக்குக் கட்டையிலேயே திருக வேண்டும். முதலில் சுத்தியால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே கரையான் அரித்திருக்கும். எங்கள் லஸ்தர் 8 கிலோ. கொக்கியில் 25 கிலோ அரிசி மூட்டையை ஒரு ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டு, காலையில் இம்மியும் இறங்கவில்லை என்று பார்த்துத்தான் விளக்கை ஏற்றினோம்.

லஸ்தரைக் கழற்றுகிறவர்கள் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிசைக் கண்ணாடியையும் தனித்தனித் துணியில் முடிந்து நம்பர் எழுதி வையுங்கள். கழுவ வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் வினிகர் போதும். துவைத்த பழைய பருத்தி வேட்டியால் துடைத்தால் நூல் ஒட்டாது.